விக்ரோரியாவின் சூடி
டென்மார்க்கின் ஒடென்சே நகரில் சிராவண மாதத்து வெள்ளிக்கிழமைக் காலை. அடுப்பில் கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து பாயசமாகக் கொதிக்க, ஆவி படிந்த சன்னல் வழியே வெயில் மங்கலாக மேசையில் விழுகிறது. சென்னையில் வளர்ந்த கொங்கணிக்காரி ஷாலினி, புல்லையும் தோட்டத்துப் பூவையும் நூலால் சுற்றிச் சின்னச் சின்னக் கொத்துகளாகக் கட்டுகிறாள். சூடி என்று பெயர். இந்த மாதத்து வெள்ளியிலும் ஞாயிறிலும் துளசிக்கு வைத்துவிட்டு, மணமான பெண்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபாலில் போகும். மாடி அறையில் குடியிருக்கும் பேனாட் எதிரே உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறான். அவன் மனைவி விக்ரோரியா மன்னாரில். இரண்டு வருடமாக அவளுடைய சூடியும் தபாலில்தான் போனது. சருகாகப் போய்ச் சேர்ந்ததாம். மனைவி மக்களை அழைக்கும் மனுக்களைக் குடிவரவு அமைச்சு அசைக்காமல் வைத்திருந்த காலம் அது. இப்போது அசைகின்றன. ஹேர்னிங் நகரில் ஒருவரின் மனைவி போன கிழமை வந்து இறங்கிவிட்டாள். விக்ரோரியாவுக்கான கடைசிக் கொத்தை ஷாலினி கட்டி முடித்ததும், பேனாட் பழக்கத்தில் உறையை நீட்டுகிறான்.

"அது எதுக்கு? இந்த வருஷம் அவங்க இங்க வந்து தலையில வச்சுக்கட்டும்."

ஈரத்துணியில் சூடியைச் சுற்றிக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிறாள்.

"அக்கா, அவ எப்ப வருவாவெண்டு ஆருக்குத் தெரியும்? வாடிப்போயிடுமே."

"வாடினா ஞாயித்துக்கிழமை வேற கட்டுறேன்."

பேனாட் எழுந்து வருகிறான். பாலையும் தயிரையும் ஓரமாகத் தள்ளி, தட்டின் நடுவில் இடம் விடுகிறான். ஒரு கொத்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை.