கழித்தது போக

அக்கா வைத்துவிட்ட போனைக் கையில் பிடித்தபடியே அவளுடைய மூத்த மகனின் கோப்பைத் திறந்தேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் இதே மேசையில்தான் அவன் மரபணுக்களைப் படித்தேன். குறை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. சத்துக் குறைவாக இருக்கும், சரியாகிவிடும் என்று அக்காவிடம் நான்தான் சொன்னேன். பெரிய மேதாவி.

இப்போது அவனுக்குப் பத்து வயது. மாடிப்படி ஏற முடியாது.

இன்று காலை நான்கு வயது இளையவனும் தொடையில் கையை ஊன்றித்தான் தரையிலிருந்து எழுந்தானாம். அண்ணனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"நீ ஒண்ணுமில்லைன்னு சொன்னதாலதானேடி இவனைப் பெத்துக்கிட்டேன்," என்றாள் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் லேப் மென்பொருள் எல்லாவற்றையும் காட்டாது. நலமாக இருக்கும் ஒருவரின் மரபணுக்களோடு ஒப்பிடும். அவரிடமும் இருப்பதைத் தீங்கில்லாதது என்று கழித்துவிடும். மிச்சத்தை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம்.

இன்று அந்தக் கழித்தலை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன்.

பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டது. டி.என்.ஏ.வில் ஒரு தாவும் துண்டு. தன்னைத்தானே நகலெடுத்து வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் வகை. எல்லோர் உடம்பிலும் லட்சக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் சும்மா கிடக்கும். சில, பக்கத்து மரபணுவை வேளை பார்த்து எழுப்பிவிட்டு நல்லதும் செய்யும். இந்தச் சனியன் தசைக்கான மரபணுவின் வாசலில் உட்கார்ந்து கதவை அடைத்திருந்தது.

தாய்வழியில் வருவது. எங்கள் அம்மா அக்காவுக்குக் கொடுத்தது, அக்கா பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பெண்ணுக்கு அந்த மரபணுவின் இன்னொரு பிரதி உண்டு, தப்பித்துவிடுவாள். பையனுக்கு இருப்பதே ஒன்றுதான்.

அப்படியானால் அன்றைக்கே இது கண்ணில் பட்டிருக்க வேண்டுமே.

பதிவைப் பார்த்தேன். கழிக்கப்பட்டிருந்தது. அந்த நலமானவரிடமும் இதே துண்டு, இதே இடத்தில்.

யார் அந்தப் புண்ணியவதி என்று நான் தேடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று லேப் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "இங்க நோய் நொடி இல்லாத ஆளு நீ ஒருத்திதாம்மா. ஒப்பிட்டுப் பாக்க ஒரு ரத்தம் வேணும், கையை நீட்டு."

நீட்டினேன்.