யாரும் நீக்க முடியாத இடம்

பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பூதலிங்கம் நீளநீளமாக எழுதுகிறார் என்று, வியாபாரிகள் அவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான்காம் முறையாக நீக்கினார்கள்.

"ஃபேஸ்புக் மாதிரியே, ஆனா முதலாளியே இல்லாத இடம் ஒண்ணு உண்டு, அண்ணாச்சி. அவங்கவங்க சர்வர், அவங்கவங்க ராஜ்யம். யாரும் உங்களை வெளியேத்த முடியாது," என்றான் ஐ.டி. வேலை பார்க்கும் வினீத்.

"அதுக்குள்ள நுழையதே பெரும்பாடாமே, மக்கா?"

"நான் எளுப்பமாக்கித் தரேன்."

அவர் போனில் அந்தச் செயலியை ஏற்றி, அதிலிருந்த சர்வர் பட்டியல், ஏழெட்டுப் பொத்தான்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். எழுத ஒரு கட்டம், அனுப்ப ஒரு பொத்தான், அவ்வளவுதான். பூதலிங்கம் கொசுத்தொல்லை பற்றி ஒரு பக்கம் எழுதினார். நிமிடத்தில் நாற்பது லைக்.

"பாத்தியால மக்கா! அங்க ஒருத்தனும் சீந்தல. இங்க சனம் மொய்க்குது!" அடுத்த பக்கத்தை எழுத ஆரம்பித்தார்.

மறுமாதம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் விஜய்குமார் வினீத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "குரூப்புல இப்போ என்னா சமாதானம், மோனே! அவரோட சர்வர்ல மொத்தம் எத்தனை பேரு?"

"நீங்க சொன்ன மாதிரியே, அண்ணாச்சி மட்டுந்தான். லைக் தானா விழும்படி வச்சிருக்கேன்."

"அவருக்குச் சந்தேகமே வரலையா?"

"நேத்து வந்தது. ஏன் நாப்பதோட நிக்குதுன்னு கேட்டார். நூறாக்கிட்டேன்."