ஒண்ணுமே இல்லாத போன்

“ஒண்ணுமே இல்லாத போன் ஒண்ணு வேணும்” என்றான் அந்த இளைஞன்.

கையில் காசில்லாத ஆள் என்று ஹாஃபிஸ் உடனே முடிவு கட்டிவிட்டான். பினாங்கின் டத்தோ கிராமாட்டில் அவன் கைப்பேசிக் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. வாசலில் கால் வைக்கும்போதே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று மனைவி ஃபஸீலாவிடம் பெருமையடிப்பான். அந்தக் கணிப்பு இதுவரை மூன்று தடவை பலித்திருக்கிறது. மூன்று தடவையும் வந்தவர் அவனுடைய மாமனார்.

இருப்பதிலேயே மலிவான பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“இது இல்லைங்க. வாட்ஸ்அப் வேணும், வீடியோ கால் வேணும். ஆனா கூடவே வர்ற வேண்டாத ஆப் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அம்மாவுக்கு” என்றான் இளைஞன். பெயர் கோகுலன். பக்கத்தில் அவன் அம்மா நல்லம்மாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கைப்பேசி உறைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாஃபிஸ் அடுத்த அஸ்திரத்தை எடுத்தான். “பாஸ், இதப் பாருங்க. நாப்பது ஆப் ஃப்ரீயா ஏத்தியே வருது!”

“அதத்தான் வேணாங்கிறேன்.”

ஓசியை வேண்டாம் என்று சொல்லும் மனிதனைப் பினாங்குத் தீவில் அன்றுதான் ஹாஃபிஸ் முதன்முதலாகப் பார்த்தான். “பழைய போனுக்கு என்னம்மா ஆச்சு?” என்று அம்மாவின் பக்கம் திரும்பினான்.

“கண்ணு ஆப்பரேஷனுக்கு நாள் சொல்ல ஆஸ்பத்திரியிலேருந்து மூணு தடவ கூப்புட்டாங்க தம்பி. எடுக்கப் போனா, பச்சை பட்டனுக்கு மேல ஒரு தொடப்பம் வந்து நிக்குது. ‘போன் அழுக்கா இருக்கு, கூட்டவா?’ன்னு கேக்குது. எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே, அதையே அமுக்கிட்டேன். மூணு தடவையும் நல்லாக் கூட்டிருச்சு.”

“இனி நவம்பர்லதான் நாள்” என்றான் கோகுலன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “அந்தத் தொடப்பத்த எடுத்துட்டேன். ஆனா அது மாதிரி இன்னும் இருவது கெடக்கு. அதான் புதுசு பார்க்கிறோம்.”

அந்தத் துடைப்ப ஆப் ஹாஃபிஸுக்கு நன்றாகவே தெரியும். அவன் கைப்பேசியிலும் வாங்கும்போதே அது உள்ளே குடியிருந்தது. ஊருக்கெல்லாம் போன் பழுது பார்க்கிறவன், தன் போனிலிருந்து அதைக் கிளப்ப முடியாமல் இரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தான். அதை வெளியில் சொன்னால் கடை என்னாவது?

ஆனால் வாடிக்கையாளருக்காகக் கோபப்படுவதற்குத் திறமை தேவையில்லை. ஹாஃபிஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

“இதச் செஞ்சவன் மட்டும் என் கையில கெடைக்கணும் பாஸ்! நடு ரோட்டுல நிக்க வெச்சு, தொடப்பத்தாலேயே சாத்தணும் லா. மனுசனா அவன்? பெத்த தாய்க்கு இந்த மாதிரி ஒரு போனக் குடுப்பானா?”

“குடுக்க மாட்டான்” என்றான் கோகுலன் மெதுவாக.

வாடிக்கையாளர் ஒத்துப் பாடினால் பாதி விற்றுவிட்ட மாதிரிதான். அந்தக் குஷியில், துடைப்பம் செய்தவனின் பரம்பரையையே ஹாஃபிஸ் இழுக்கத் தொடங்கியபோது அவன் போன் அடித்தது. ஃபஸீலா. பச்சை பட்டனுக்கு மேல் துடைப்பம் வந்து நின்றது.

அவன் அதை மறைப்பதற்குள் கோகுலன் கையை நீட்டி வாங்கினான். சரியாகக்கூடப் பார்க்கவில்லை, ஐந்தே தட்டு. துடைப்பம் காணாமல் போனது. “இனிமே வராது” என்று திருப்பிக் கொடுத்தான்.

ஹாஃபிஸின் இரண்டு வருஷப் போர் முடிந்துவிட்டது. பாவம், நம்மைவிட இந்த ஆள் இதனிடம் அதிகமாக அடி வாங்கியிருக்கிறான் என்று கோகுலனுக்காகப் பரிதாபப்பட்டான்.

அதன்பிறகு விற்பனை நடிப்பை நிறுத்திவிட்டு, உண்மையிலேயே சுத்தமான போன் ஒன்றை உள்ளறையிலிருந்து எடுத்து வந்தான். திறந்தால் வெறும் பத்துப் பன்னிரண்டு ஆப் படங்கள்தான். கோகுலன் சிம் கார்டைப் போட்டு, தன் போனிலிருந்து அழைத்துப் பார்த்தான். எதுவும் குறுக்கே வரவில்லை. நல்லம்மாள் பச்சை பட்டனை ஒரே அமுக்காக அமுக்கி, “அலோ!” என்றார். அரைமணி நேரத்தில் முதல் தடவையாகக் கோகுலன் சிரித்தான்.

பணத்தைக் கட்டிவிட்டு, “நான் பார்க்கிங்லேருந்து காடிய எடுத்துட்டு வர்றேம்மா, இங்கேயே இருங்க” என்று வெளியே ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் நல்லம்மாள் மேசையை நெருங்கி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, அவன் வர்றதுக்குள்ள அந்தத் தொடப்பத்த மட்டும் இதுல ஏத்திக் குடுத்துடுங்க.”

ஹாஃபிஸ் பதறிவிட்டான். “என்னம்மா நீங்க! உங்க ஆப்பரேஷனையே கெடுத்தது அதுதானே?”

“இருக்கட்டும் தம்பி. என் மகன் செஞ்சதாச்சே!”