ஊன்றாத கால்

ஏழாம் எண் எலி வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. அதன் பாதத்தில் யூரிக் அமிலப் படிகங்களை ஊசியால் ஏற்றியவள் ஆய்வாளர் ஷமீமாதான். முடக்கத்தான் இலையிலிருந்து பிரித்த மருந்து அதனால் வரும் வீக்கத்தை வடியச் செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. பாதி எலிகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். ஏழாவதற்குக் கிடைத்தது தண்ணீர்.

"இதுக்கும் ஒரு சொட்டு விட்டா என்னம்மா?" என்றாள் கூண்டு கழுவும் அஞ்சலை.

"விட்டா, மருந்து வேலை செஞ்சுதான்னு எப்படிக்கா தெரியும்?"

வீட்டில் அவள் வாப்பாவுக்கும் இதே யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட் நோய்தான். ஒரு மாதமாக, வீங்கிய கால் கட்டைவிரல் எதிலும் பட்டுவிடாமல் சுவரைப் பிடித்தே நிற்கிறார். "ஒன் மருந்துல கொஞ்சம் கொண்டாம்மா" என்று காலையிலும் கேட்டார். "இன்னும் சோதிச்சு முடியல வாப்பா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

எலியை எடுத்து வீக்கத்தை அளந்தாள். நேற்றைவிடக் கூடியிருந்தது. எழுதிக்கொண்டாள். கூண்டுக்குள் விட்டபின்னும் கையை எடுக்காமல், தூக்கியிருந்த அந்தக் காலுக்கடியில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். எலி நெடுநேரம் தயங்கியது. பிறகு மெல்லக் காலை அதில் இறக்கியது.

"எட்டாம் நம்பரை எடுக்கவாம்மா?" என்று அஞ்சலை கேட்டாள்.

ஷமீமா அசையவில்லை.