இரண்டு நாள் விருந்தாளி

வெல்ல மூட்டையோடு நகரத்துக்குப் போய்விட்ட ஒரு பிள்ளையார் எறும்பு, பல மழைக்காலங்கள் கழித்துத் தன் புற்றுக்குத் திரும்பி வந்தது. இனி நகரத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வாசலில் காவல் நின்ற அக்கா எறும்பு அதை மீசையால் தொட்டுப் பார்த்தது. "என்னடி, உன் மேல பினாயில் வாசனை அடிக்குது?"

"மிட்டாய்க் கடையில தினமும் தரை துடைப்பாங்க, அக்கா."

"மிட்டாய்க் கடையிலயா இருக்கே! கொடுத்து வெச்சவ. எத்தனை நாள் லீவு?"

"ரெண்டு நாள்" என்று அதன் வாய் சொல்லிவிட்டது.

"அப்போ விருந்தாளி!" அக்கா மகிழ்ந்துபோய், அதைப் புல் நிழலில் உட்காரவைத்துப் பெரிய சர்க்கரைத் துண்டு ஒன்றைக் கொடுத்தது. புற்றின் வாசனை இல்லாத விருந்தாளிகளை உள்ளே விடுவது அங்கே வழக்கமில்லை.

எறும்புகள் வரிசையாகக் கடந்து போயின. எதிரெதிரே வந்தவை மீசையோடு மீசை உரசி நலம் விசாரித்தன. அந்த மெல்லிய உரசலைக் கேட்டபடி, தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாமல் அது இரண்டு நாள் கிடந்தது. சர்க்கரையைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கேட்டது: "கிளம்பலையா?"

"போகலை, அக்கா. இனிமே போகவே மாட்டேன்."

"துரத்திட்டாங்களா?"

"இல்லை. அங்கே எதிர்ல வர்றவங்க யாரும் தொட்டுப் பேசறதில்லை."

அக்கா மீசையால் அதைத் தொட்டது. "அடி அசடே, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? எங்களோட ஒட்டிப் படுத்திருந்தா நம்ம வாசனை தானா வந்திருக்குமே. உள்ளே வா."

உள்ளே ஈரமண் கதகதப்பாக இருந்தது. பாதித் தூக்கத்தில் கிடந்த ஏதோ ஓர் எறும்பு, யாரென்று கேட்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.