தப்பான பதில்

திரையில் 'பிரிட்ஜ்' என்ற ஆங்கிலச் சொல். அதன் கீழே எண் போட்டு நான்கு தமிழ் அர்த்தங்கள். கிளாடிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'கிணறு' என்றிருந்த இரண்டாம் எண்ணை அமுக்கினாள்.

"இல்லீங்க, பாலமுங்க. நாளைக்கு இன்னொருக்கா பாக்கலாமுங்க" என்றது ஸ்பீக்கரில், பதிவு செய்த ஓர் ஆண் குரல். சரியாகப் போட்டால் 'டிங்' என்று ஒரு மணிச் சத்தம் மட்டும்தான்.

பின்னால் நின்றிருந்த பிரவீனாவுக்கு எரிச்சலாக வந்தது. பீளமேட்டில், கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் இருபது நாளாக இதே கூத்து.

மறந்த சொல் மறுநாளே திரும்பி வரும். நினைவில் நின்ற சொல் மூன்று நாள், பத்து நாள் என்று தள்ளிப் போகும். மறக்கப் போகிற நேரம் பார்த்து ஒரு சொல்லைக் காட்டினால் அது மனதில் தங்கிவிடுமா என்பதுதான் ஆராய்ச்சி. இதைத் தொடங்கி, ப்ரோகிராமும் எழுதிய மாணவர் போன வருஷம் லாரி மோதி இறந்துபோனார். அவரை முன்பின் பார்த்திராத பிரவீனா, 1998 ஜூனில் அந்த வேலையைத் தொடர்ந்தாள்.

சோதனைக்கு வந்தவர்களில் மில் தொழிலாளி காளிச்சாமிகூட நூறு சொல் தாண்டிவிட்டார். கிளாடிஸ் மட்டும் முதல் நாள் வந்த பத்துச் சொல்லிலேயே நின்றாள்.

"ஏனுங்கம்மா, உங்க பேர எடுத்துடறேனுங்க. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

கிளாடிஸின் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. "அப்படிச் சொல்லாத அம்மணி. இன்னும் பத்து நாள் இருக்குதல்ல?"

"இருந்து என்னங்க பண்றது?" பிரவீனா பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினாள். நீட்டியவள் அதையே மறுபடி பார்த்தாள். வரிசையாக இருநூறு பதில்கள். இருநூறும் தப்பு.

"கண்ண மூடிட்டு அமுக்கினாலே நாலுல ஒண்ணு சரியா வருமேங்க. ஒண்ணுகூட இல்ல." அவள் குரல் தணிந்தது. "உங்களுக்கு எல்லாமே தெரியுது. தெரிஞ்சேதான் தப்பா அமுக்கறீங்க."

கிளாடிஸ் ஸ்பீக்கரைப் பார்த்தாள். அடுத்த சொல் திரையில் காத்திருந்தது.

"ஏனுங்கம்மா இப்படி? என்ற ஆராய்ச்சியே பாழாப் போயிருமுங்க."

கிளாடிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"தப்பாப் போட்டாத்தான் கண்ணு எம் பையன் பேசறான்."