டம்ளரின் அடிமண்டி

வாசற்கதவை ஒட்டியிருந்த பிரிகைப் பெட்டி, கதிரேசனின் விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, அதில் கலந்திருந்த மருந்தைத் தனியே பிரித்து அளந்தது. இன்றைக்கும் அதே பதில்தான்.

"பிரஷர் மருந்து போதவில்லை. கதவு திறக்காது."

"மாத்திரை போட்டீங்களா, ஜன்னல்ல வீசினீங்களா?" மனைவி நிரஞ்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் வளைகாப்புக்கு நேரமாகிவிட்டது.

"சத்தியமா போட்டேன்மா. பெட்டிதான் ரிப்பேர்."

"நான் ஒரு மாத்திரையும் சாப்பிடறதில்ல. எனக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம்." அவள் தன் விரலை நீட்டினாள்.

"பிரஷர் மருந்து சரியான அளவில் இருக்கிறது. தவறாமல் சாப்பிடுவதற்குப் பாராட்டுகள்" என்றது பெட்டி. கதவு திறந்தது.

கதிரேசன் தலையைச் சொறிந்தார். "முழுங்கினா தொண்டையில சிக்குது. அதான், பொடிச்சுக் காப்பியில போட்டுருவேன்..."

அவர் டம்ளரில் மிச்சம் வைக்கும் அடிமண்டியை, வீணாகக் கூடாதென்று கல்யாணமான நாளிலிருந்து குடித்து வருபவள் நிரஞ்சனா. ஓயாத தலைசுற்றலுக்கு அவள் பார்க்காத டாக்டர் இல்லை. பயந்துபோய் ஸ்கூட்டரைக்கூட விற்றுவிட்டாள்.

"நான் முன்னால போறேன். இன்னொரு காப்பி போட்டு, மண்டியோட நீங்களே குடிச்சிட்டு வந்து சேருங்க!"

கேட்டருகே போனதும் வழக்கம்போல் தலை சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரைத் திட்டுவது என்று இன்றைக்காவது தெரிந்திருந்தது.